புதுப் பாட்டுக்கு நினைவு கிடையாதா?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் பெரியவர்களே, பாம்பன் கரையில் மணலிலேயே உட்கார்ந்து கேட்கும் எங்கள் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நினைவைக் கிளறி மனதை நிமிர்த்துவது பழைய பாட்டா, புதிதாக வரும் ஆல்பமா? இதுதான் தலைப்பு. நான் புதிய ஆல்பத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "நேற்று வந்த பாட்டோடு நமக்கு என்ன பழக்கம்? பழக்கமே இல்லாத பாட்டு எந்த நினைவைக் கிளறும்?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு.

தங்கச்சிமடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவர். பழைய பாட்டு என்றால் அவருக்கு உயிர். ரேடியோவில் போட்டால் கூடவே பாடுவார். பாடி முடித்ததும் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார். எந்தப் பாட்டு போட்டாலும் அதே கல்யாணம்தான், அதே பந்தல்தான். போன மாதம் பேரன் புதிதாக வந்த ஒரு ஆல்பத்தைப் போனில் போட்டான். பாட்டுக்கு முன்னால் கனமாக, நீளமாக ஓர் ஊதல் ஒலி. அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "டேய், இது தலைமன்னார் கப்பல் சங்குல்ல!" என்றார்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்கு ஓடும் கூட்டம், மூட்டை தூக்கிய அவருடைய அப்பா, துறைமுகத்தில் கருவாடு விற்ற அம்மா, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணான தான். பெற்ற மகளுக்கே தெரியாத கதை! அன்று சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருடமாகக் கேட்ட பாட்டு எதுவும் ஏன் அந்த இடத்தைத் தொடவில்லை? பழைய பாட்டு ஏற்கெனவே ஒரு நினைவோடு ஒட்டிப் போய்விட்டது. எப்போது கேட்டாலும் அங்கேயே கொண்டுபோய் விடும். புதுப் பாட்டை எந்த நினைவும் இன்னும் பிடித்துவைக்கவில்லை. அதனால்தான் நாம் மறந்தே போன இடத்துக்கு அது போகிறது.

இது என் ஆசைக்குச் சொல்வதில்லை. 2013இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வாளர்கள், அதுவரை கேட்டேயிராத பாட்டுத் துண்டுகளைச் சிலருக்குப் போட்டுக்காட்டி, கேட்கும்போதே மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிடித்த பாட்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றும் சொன்னார்கள். அதிகக் காசு தர முன்வந்த பாட்டைக் கேட்கையில், மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி, கேட்ட ஒலிகளைச் சேர்த்துவைத்திருக்கும் பகுதியோடு கூடுதலாகச் சேர்ந்து வேலை செய்தது. அண்ணன் கேட்ட பழக்கம் இங்கேதான் இருக்கிறது. பாட்டு புதிது, காது பழையது!

மாணிக்கவாசகரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் நம் உத்தரகோசமங்கை அரசனான சிவனைக் கூப்பிட்டு அழுதவர். திருவாசகத்தை நாம் கோயிலில் கேட்போம், பிறகு சாவு வீட்டில் கேட்போம். 2005இல் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவோடு சேர்ந்து அதை சிம்பொனி ஆல்பமாகக் கொடுத்தார். சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது. கடலைப் பார்க்கவே நெஞ்சு பதறிய காலம். "புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்" என்ற வரி அத்தனை வயலின்களோடு எழுந்தபோது, தாத்தாவின் சாவு வீட்டில் கேட்ட அதே திருவாசகம் என்னை எழுந்து நிற்க வைத்தது. சொல் பழையதுதானே என்று எதிரணி கேட்கும். ஆமாம், சொல் என்னிடம் முன்பே இருந்தது. துணிச்சல் அந்த ஆல்பம் வந்த பிறகுதான் வந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, வருமானம் இல்லை. படகுக்குப் பெயின்ட் அடிக்கும் பையன்கள் ஸ்பீக்கரில் போடுவது புதுப் பாட்டுதான். அதைக் கேட்டுத் தலையாட்டும் அப்பாமார்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்!

கடைசியாக ஒன்று. எதிரணி, நாகூர் ஹனிபா பாட்டைப் பழைய பாட்டுக் கணக்கில் சேர்த்துப் பேசியது. இராமநாதபுரத்தில் பிறந்த அந்த இசை முரசின் குரல் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கீழக்கரையில் சபராளி வீடுகளில், அதாவது வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பவர்களின் வீடுகளில், கேட்டுப் பாருங்கள். வளைகுடாவில் இருந்த மகனுக்கு, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் ஹனிபாவின் புது கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்காத பாட்டு. அறையில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து டேப்பைப் போட்டதும், கீழக்கரைத் தெருவும் உம்மாவின் முகமும் கண் முன்னால் வந்து அழுதார்கள், அழுது முடித்துச் சிரித்தார்கள், மறுநாள் தெம்பாக வேலைக்குப் போனார்கள். அடுத்துப் பேச வரும் அக்கா எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்ட அந்தப் பாட்டுக்கு அவர்கள் எந்தப் பழக்கத்தில் அழுதார்கள்?