பத்தொன்பது நாளில் சட்டமான கையெழுத்து

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

"எந்த நேரத்திலும் உடையக்கூடிய ஒரு கூட்டணி அரசைத் தாங்கி நிற்பது பெரிதும் தலைவர்களின் பேச்சுவார்த்தைத் திறனா, சட்டமாக்கப்பட்ட ஒப்பந்தமா?" என்பது இன்றைய தலைப்பு. ஒப்பந்தமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கென்யாவை எடுத்துக்காட்டி, 2008-ஆம் ஆண்டு தேர்தல் தகராறில் அந்த நாடு பற்றி எரிந்தபோது அதைக் காப்பாற்றியது ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அனான் என்ற மனிதரின் பொறுமையும் சமயோசிதமும்தான் என்று உருக்கமாகப் பேசினார். அனான் மீது அவர் வைத்திருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. ஆகவே நான் வேறு நாட்டைத் தேடிப் போகவில்லை. அவர் நின்ற அதே கென்யாவில், அவர் பேசிய அதே இரண்டு தலைவர்களை வைத்தே என் வாதத்தைச் சொல்கிறேன்.

அந்த இருவர், அன்றைய அதிபர் முவாய் கிபாக்கியும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரைலா ஒடிங்காவும். ஒடிங்காவின் பெயர் நம்மில் பலருக்குப் புதிதல்ல. 2025 அக்டோபரில் சிகிச்சைக்காகக் கேரளத்துக்கு வந்திருந்த இடத்தில் அவர் காலமானபோது நம் நாளிதழ்களும் அந்தச் செய்தியை வெளியிட்டன. எதிரணித் தலைவர் கதையை 2008-இல் தொடங்கினார். அது 2002-இல் தொடங்க வேண்டிய கதை, நடுவர் அவர்களே.

இருபத்து நான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த அதிபர் டேனியல் அரப் மோய் விலகும் தேர்தல் அது. தானே அதிபராகும் ஆசை உடைய ஒடிங்கா, அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, நைரோபியின் உகுரு பூங்காவில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் "கிபாக்கி தோஷா" என்று முழங்கினார். கிபாக்கியே போதும் என்பது அந்தச் சுவாகிலிச் சொற்களின் பொருள். டிசம்பர் தொடக்கத்தில் கிபாக்கி கார் விபத்தில் காயமடைந்து லண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது, அவருக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டவர்களில் முன்னின்றவர் ஒடிங்கா. டிசம்பர் 30 அன்று கிபாக்கி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதிபராகப் பதவியேற்றார். இதைவிட நல்லுறவு ஒரு கூட்டணிக்கு வாய்க்குமா?

அந்தக் கூட்டணிக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது. அமைச்சரவையில் சரிபாதி, புதிய அரசமைப்பின் வழியே ஒடிங்காவுக்குப் பிரதமர் பதவி என்று இரு தரப்பும் 2002 அக்டோபரில் புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட்டிருந்தன. ஆனால் அது கட்சிகளுக்குள் வைத்துக்கொண்ட காகிதம். நாடாளுமன்றம் அதைப் பார்த்ததில்லை. எந்த நீதிமன்றத்துக்கும் அதைக் கொண்டுபோக வழியில்லை. ஆட்சி அமைந்ததும் ஒடிங்காவுக்குக் கிடைத்தது சாலைகள், பொதுப்பணித் துறை. பிரதமர் பதவி வரவே இல்லை. 2005 நவம்பரில் கிபாக்கி முன்வைத்த அரசமைப்பு வரைவை ஒடிங்கா எதிர்த்து நின்று பொது வாக்கெடுப்பில் தோற்கடித்தார். உடனே கிபாக்கி அமைச்சரவை முழுவதையும் கலைத்து, மீண்டும் அமைக்கையில் ஒடிங்காவின் அணியை வெளியே நிறுத்தினார். உயிர் நண்பர்களாக ஏறிய மேடையிலிருந்து அவர்கள் பகைவர்களாக இறங்க மூன்றே ஆண்டுகள் ஆயின.

எதிரணி நண்பர்கள் குறுக்கிட்டு, "அதுவும் எழுதிய ஒப்பந்தம்தானே, அது ஏன் நிற்கவில்லை?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாங்கள் எழுத்துக்காக வாதிடவில்லை; சட்டத்துக்காக வாதிடுகிறோம். மீறினால் கேட்பதற்கு ஓர் இடம் இல்லாத எழுத்து, நல்ல கையெழுத்தில் எழுதிய வாய்வார்த்தையே ஆகும். 2002-இன் குறிப்பு முழுக்க முழுக்கத் தலைவர்களின் நல்லெண்ணத்தை நம்பி எழுதப்பட்டது. அது தோற்றபோது தோற்றது எதிரணியின் கொள்கையே தவிர எங்களுடையது அன்று.

இனி 2008-க்கு வருவோம். 2007 டிசம்பர் 27 அன்று தேர்தல் நடந்தது. 30-ஆம் தேதி முடிவை அறிவித்த அன்று மாலையே கிபாக்கி மறுபடியும் அதிபராகப் பதவியேற்றார். வாக்கு எண்ணிக்கை களவாடப்பட்டது என்று ஒடிங்கா அணி கொதித்தது. எல்டோரெட் நகருக்கு அருகே கியாம்பாவில் ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கையிலேயே தீயிட்டுக் கொன்றார்கள். சில வாரங்களில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினர். இந்த நிலையில்தான் ஜனவரி 22 அன்று அனான் நைரோபி வந்து இறங்கினார். மொசாம்பிக்கின் கிராசா மஷெல், தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் எம்காபா ஆகியோர் அவருடன் நின்றார்கள்.

ஐந்து வாரம் அவர் உழைத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இரு தரப்புக் குழுக்களும் ஒடிங்காவுக்குத் தரவிருந்த பிரதமர் பதவிக்கு என்ன அதிகாரம் என்பதில் சொல்லுக்குச் சொல் மல்லுக்கட்டி நின்றபோது, பிப்ரவரி 26 அன்று அவர் குழுப் பேச்சை நிறுத்திவிட்டுத் தலைவர்கள் இருவரிடமே நேராகப் போனார். இரண்டு நாள் கழித்து, தான்சானிய அதிபர் கிக்வெட்டேவையும் அருகில் வைத்துக்கொண்டு, மூடிய அறைக்குள் சுமார் ஐந்து மணி நேரம் பேசி முடித்தார். அதிபரும் பிரதமரும் சேர்ந்து ஆள்வது எப்படி என்பதைத் தன் நாட்டு அனுபவத்திலிருந்து கிக்வெட்டே விளக்கினார். பிப்ரவரி 28 அன்று அதிபர் அலுவலகமான ஹராம்பி மாளிகையின் படிக்கட்டில், உலகமே பார்க்க, கிபாக்கி அதிபர், ஒடிங்கா பிரதமர் என்ற அதிகாரப் பகிர்வு உடன்படிக்கையில் இருவரும் கையெழுத்திட்டனர்.

எதிரணித் தலைவர் தன் கதையை அந்தப் படிக்கட்டோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததே என் வாதம். கிபாக்கி எத்தகையவர், 2002-இன் குறிப்புக்கு என்ன கதி நேர்ந்தது என்பதெல்லாம் பேச்சு மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த முறை அதிகாரப் பகிர்வு நாடாளுமன்றத்தின் சட்டமாக வேண்டும், அரசமைப்பே திருத்தப்பட வேண்டும் என்பது உடன்படிக்கையின் உயிர்நாடியாக இருந்தது. பத்தொன்பதே நாளில், மார்ச் 18 அன்று, சட்டமும் திருத்தமும் நிறைவேறின. அது மிகச் சிறிய சட்டம். பிரதமரை அதிபர் விருப்பம்போல் நீக்க முடியாது, நாடாளுமன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால்தான் பதவி போகும். அமைச்சரவை கட்சிகளின் நாடாளுமன்ற பலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஓர் அமைச்சரை நீக்கத் தலைவர்களின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். கூட்டணியை விட்டு வெளியேறுவதற்கும் கட்சியின் உச்ச அமைப்பு எழுத்தில் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கோபத்தில் ஒரு மேடைப் பேச்சால் ஆட்சியைக் கவிழ்க்க முடியாதபடி அந்த ஒரு விதி தடுத்தது என்பது என் கணிப்பு.

அந்தச் சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். எந்த இலாகா யாருக்கு என்று அதில் எழுதவில்லை. "சமநிலை" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் காண ஏப்ரல் 13 வரை இழுபறி நீடித்தது. நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் மறுபடி தெருவில் நெருப்பு எரிந்தது. கடைசியில் எல்லோரையும் சமாதானப்படுத்த நாற்பது அமைச்சர்கள் கொண்ட அமைச்சரவை அமைக்க வேண்டியதாயிற்று. ஏழை நாட்டின் கருவூலம் அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தது.

2010 பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. மக்காச்சோள விற்பனை முறைகேட்டிலும், இலவசத் தொடக்கக் கல்விக்கான நிதி முறைகேட்டிலும் விசாரணை முடியும்வரை என்று வேளாண் அமைச்சர் வில்லியம் ரூட்டோவையும் கல்வி அமைச்சர் சாம் ஒங்கேரியையும் பிரதமர் ஒடிங்கா மூன்று மாதம் இடைநீக்கம் செய்தார். பிரதமருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அதிபர் அன்றைக்கே அதை ரத்து செய்தார். ஒடிங்காவின் கட்சி அமைச்சரவைக் கூட்டங்களைப் புறக்கணித்தது. அனானை மறுபடி அழைக்க வேண்டும் என்றது. அமைச்சரை நீக்குவதற்கு விதி எழுதியவர்கள், இடைநீக்கம் செய்வதற்கு எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாத இடைவெளியில்தான் அரசே ஆட்டம் கண்டது.

ஜிம்பாப்வேயை எதிரணி எடுத்துவைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன். அங்கே அதிபர் முகாபேயும் எதிர்க்கட்சித் தலைவர் சுவாங்கிராயும் அதிகாரத்தைப் பகிர 2008 செப்டம்பர் 15 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அது அரசமைப்புத் திருத்தமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2009 பிப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்துக்குள், சுவாங்கிராயைக் கேட்காமல், மத்திய வங்கி ஆளுநராக கிதியோன் கோனோவை மறுபடி நியமித்து, ஜோஹன்னஸ் டோமானாவைத் தலைமை வழக்கறிஞர் ஆக்கிவிட்டார் முகாபே. அந்த இரண்டு நியமனங்களையும் பற்றிய சண்டை கூட்டணியின் ஆயுள் முழுக்க நீடித்தது. கென்யாவில் பத்தொன்பது நாள். அங்கே ஐந்து மாதம். சட்டமான பிறகும் முகாபே அதை மீறினார் என்பது உண்மை, மறைக்கவில்லை. கேட்பதற்குத் துணிந்த ஓர் அவைத் தலைவரோ நீதிபதியோ இல்லாத நாட்டில் சட்டமும் நோஞ்சானாகத்தான் இருக்கும். ஆனால் அத்தகைய நாட்டில் தென்னாப்பிரிக்காவின் தாபோ எம்பெக்கி இத்தனை காலம் நடத்திய நயமான பேச்சுவார்த்தை மட்டும் எதைச் சாதித்தது?

துணிந்த அவைத் தலைவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை மறுபடி கென்யாவில் பார்க்கலாம். 2010 ஆகஸ்டில் புதிய அரசமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். 2008-இன் அதிகாரப் பகிர்வுச் சட்டத்தை அதன் இடைக்கால விதிகளுக்குள் கொண்டுவந்து, உயர் பதவிகளுக்கு அதிபர் நியமிக்கும் முன் பிரதமரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று கிபாக்கி, தலைமை நீதிபதி உள்ளிட்ட நான்கு பதவிகளுக்குப் பெயர்களை அறிவித்தார். தன்னைக் கலக்கவில்லை என்றார் ஒடிங்கா. 2002-இன் குறிப்பு காற்றில் விடப்பட்டபோதும் அவர் அணி முறையிட்டது. அன்று கேட்பார் இல்லை. இந்த முறை உயர் நீதிமன்றம் அந்த நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்றது. நாடாளுமன்ற அவைத் தலைவர் கென்னத் மரெண்டே பிப்ரவரி 17 அன்று விதியை வரி வரியாக வாசித்து, இந்தப் பெயர்களை அவை எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தார். ஐந்தே நாளில் நாட்டின் அதிபர் தன் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தெருவில் ஒரு கல் விழவில்லை. அனான் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் நீதித்துறை ஆணையம் தலைமை நீதிபதி பதவிக்கு விண்ணப்பம் கேட்டு, வந்தவர்களை எல்லோரும் பார்க்க நேர்காணல் செய்தது. மோய் ஆட்சியில் சிறையில் அடைக்கப்பட்டிருந்த வில்லி முதுங்காவை அது தேர்ந்தெடுத்தது. அதிபரும் பிரதமரும் ஏற்றார்கள். அந்த ஜூன் மாதம் அவர் பதவியேற்றபோது, ஒருவரை ஒருவர் நம்பாத அந்த இரு தலைவர்களின் கூட்டணி நான்காம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. நட்பில் தொடங்கிய அவர்களுடைய முதல் கூட்டணி தொடாத ஆண்டு அது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.