பறட்டை முடி அலையா விழ: ஈரத்துல தொடுங்க, காயும்போது தொடாதீங்க

[திரையில்: ஈரத் தலையின் பின்பக்கம். முடி அலையலையாக முதுகில் விழுந்திருக்கிறது.]

தலைக்குக் குளிச்சுட்டு வெளிய வரும்போது முடி அழகா அலையலையா விழுந்து கிடக்கும். துவட்டி, சிக்கெடுத்து, சீவி முடிச்சுட்டுக் கண்ணாடியைப் பார்த்தா உச்சியிலேருந்து நுனி வரைக்கும் பொசுபொசுன்னு எழும்பி நிக்கும். எண்ணெய் தடவி அமுக்கினா அமுங்கும், ஆனா முகமெல்லாம் எண்ணெய் வழியும்.

கோரை முடியும் இல்லாம, சுருட்டையும் இல்லாம, நடுவுல நிக்கிற அலை முடிக்காரங்களுக்கான வீடியோ இது. வாரத்துக்கு ரெண்டு நாள், குளியலறையில வழக்கத்தைவிட ஒரு பத்து நிமிஷம் கூட ஆகும். அதுக்கு மேல வேலை கிடையாது. சொல்லப்போனா, இப்போ செஞ்சுக்கிட்டு இருக்கிற பாதி வேலையை நிறுத்தச் சொல்லித்தான் இந்த வீடியோ.

[திரையில்: மூன்று முடிக்கற்றைகள் பக்கத்துப் பக்கத்தில். நேர், அலை, சுருட்டை.]

முதல்ல உங்களுது அலை முடிதானான்னு பாருங்க. ஷாம்பு போட்டுக் குளிங்க. எண்ணெய், கண்டிஷனர், சீப்பு எதுவும் வேண்டாம். துவட்டாம அப்படியே காய விடுங்க. காய்ஞ்ச கற்றை 'எஸ்' எழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போனா அலை முடி. முழு வளையமாச் சுத்திக்கிட்டா சுருட்டை. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயோட சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-கள்ல கொண்டுவந்த வகைப்பாட்டுல அலை முடிக்கு இரண்டாம் எண். ஷாம்பு புட்டிகள்ல '2ஏ', '2பி', '2சி'ன்னு பார்த்திருந்தீங்கன்னா அதோட உட்பிரிவுகள்தான். நம்ம ஊர்ல பல பேர் இந்த முடியை வெச்சுக்கிட்டே 'எனக்கு வறண்ட முடி'ன்னு நினைச்சுச் சீவிச் சீவியே அலையைக் கலைச்சுடுறாங்க.

[திரையில்: முடி இழையின் பெரிதாக்கிய வரைபடம். செதில்கள் திறந்து மூடுகின்றன.]

ஏன் பறட்டையாகுது? முடியோட வெளிப்புறத்துல, ஓட்டு வீட்டுக் கூரையில ஓடு அடுக்கின மாதிரி செதில்கள் இருக்கும். உள்ள இருக்கிறது கெரட்டின்ங்கிற புரதம். அந்தப் புரதத்தை வளைவா பிடிச்சு வெச்சிருக்கிறதுல ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணி பட்டா இந்தப் பிணைப்பு விட்டுடும். காயும்போது, அந்த நேரத்துல முடி எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துலயே திரும்பப் பிடிச்சுக்கும்.

அப்போ முடியோட வடிவம் முடிவாகுறது காயுற நேரத்துல. நாம அப்போதான் துண்டால தேய்க்கிறோம், சீவுறோம், விரலால கோதி உதறுறோம். சேர்ந்து கிடந்த கற்றை நூறு இழையாப் பிரிஞ்சு, ஒவ்வொண்ணும் தனித்தனி திசையில வளைஞ்சு காயுது. அதுக்கப்புறம் காத்துல இருக்கிற ஈரம் வேற. முடி தன் எடையில சுமார் 30 சதவீதம் வரைக்கும் தண்ணியை உறிஞ்சும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரி கடலோரத்துல பாதி காய்ஞ்ச முடி வெளிக்காத்துல ஈரம் வாங்கி, அங்கங்க பிணைப்பு விட்டு, மறுபடி தாறுமாறாப் பிடிச்சுக்கும்.

அதனால, கை வைக்கிற வேலையெல்லாம் தண்ணி சொட்டும்போதே முடியணும். காய ஆரம்பிச்சதும் கையை எடுத்துடணும்.

[திரையில்: கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் தேக்கரண்டி.]

எண்ணெய் குளிக்கிறதுக்கு முன்னாடி. தேங்காய் எண்ணெய்தான் இதுக்குச் சரி. அதுல இருக்கிற லாரிக் அமிலத்தோட மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள்ள இறங்கும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டு 2003-இல் ரெலே, மொஹிலேங்கிற இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல, முடியோட புரத இழப்பைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். தோள்பட்டைக்குக் கீழ வரைக்கும் முடி இருந்தா ரெண்டு தேக்கரண்டி, குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, நுனிப் பக்கமாத் தடவுங்க. குளிச்சு முடிச்ச பிறகு கை நிறைய எண்ணெய் வைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க. அலை முடி எடை தாங்காது, படுத்துடும்.

ஷாம்பு மண்டைத் தோலுக்கு மட்டும். விரல் நுனியால தேய்ங்க, நகம் வேண்டாம். வழிஞ்சு இறங்குற நுரையே மிச்ச முடிக்குப் போதும். முடியைத் திரட்டி உச்சியில வெச்சுக் கசக்கினீங்கன்னா இருக்கிற சிக்கு ரெட்டிப்பாகும். சீயக்காய், அரப்பு போடுறவங்க பொடியை நேராத் தலையில தேய்க்காதீங்க. துகள் செதில்ல உரசும், அலசினாலும் முழுசாப் போகாது. ராத்திரியே தண்ணியில ஊற வெச்சு, காலையில மெல்லிய துணியில வடிகட்டி அந்தத் தண்ணியை ஊத்துங்க. வடிகஞ்சி கலந்தா வறட்சி குறையும்.

[திரையில்: உள்ளங்கையில் பத்து ரூபாய் நாணயம் அளவு கண்டிஷனர், இரண்டு முறை.]

இப்போ முக்கியமான கட்டம், கண்டிஷனர். இதைத் தவற விட்டா மத்த எதுவும் வேலை செய்யாது.

ஈர முடியோட மேற்பரப்புல எதிர்மின்னூட்டம் இருக்கும், சேதமான நுனியில அது இன்னும் அதிகம். கண்டிஷனர்ல இருக்கிற நேர்மின்னூட்டப் பொருட்கள் அங்க போய் ஒட்டிக்கும். அதனாலதான் அலசின பிறகும் வழவழப்பு நிக்குது. தோள்பட்டை அளவு முடிக்குப் பத்து ரூபாய் நாணயம் அளவுல ரெண்டு தடவை, இடுப்பு வரைக்கும்னா நாலு தடவை. காதுக்குக் கீழ இருந்து நுனி வரைக்கும் தடவுங்க. மண்டையில பட்டா சாயங்காலமே பிசுக்கு வந்துடும்.

கண்டிஷனர் முடியில இருக்கும்போதே பெரிய பல் சீப்பால சிக்கெடுங்க. நுனியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க. வகிடு எடுக்கிறதா இருந்தா அதுவும் இப்பவே. அடுத்த குளியல் வரைக்கும் சீப்புக்கு இனி வேலை கிடையாது. பலருக்கும் இந்த இடத்துலதான் மனசு கேட்காது, சீவாத தலை நமக்கெல்லாம் அலங்கோலம். ரெண்டு வாரம் பொறுத்துப் பாருங்க.

[திரையில்: தலை கவிழ்ந்த நிலை. கை நுனி முடியை அள்ளி மேல்நோக்கி அமுக்குகிறது. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.]

மூணு நிமிஷம் கழிச்சு, தலையைக் கவிழ்த்து, உள்ளங்கையில கொஞ்சம் தண்ணி அள்ளி, நுனி முடியைக் கையில ஏந்தி உச்சியை நோக்கி அமுக்குங்க. 'பச், பச்'னு சத்தம் வரணும். வரலைன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம், இன்னும் அள்ளுங்க. பத்துப் பன்னிரண்டு தடவை செய்யும்போதே கற்றைகள் சேர்ந்து சுருள ஆரம்பிக்கிறது கையிலயே தெரியும். அப்புறம் லேசா அலசுங்க. அடர்த்தியான, முரட்டு முடின்னா கொஞ்சம் வழவழப்பு மிச்சம் இருக்கட்டும். மெல்லிய முடிக்காரங்க முழுசா அலசிடுங்க.

[திரையில்: அடுப்பில் பாத்திரம். கரண்டியிலிருந்து ஜெல் இழையாக இறங்குகிறது.]

அடுத்தது ஜெல். குளியலறையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி, தண்ணி சொட்டச் சொட்டப் போடணும். ஜெல் முடி மேல மெல்லிய படலமா நின்னு, கற்றையைக் கலையாமப் பிடிச்சுக்கும், வெளி ஈரம் உள்ள போற வேகத்தையும் குறைக்கும். கடையில 'ஸ்ட்ராங் ஹோல்ட்'னு போட்ட எந்த ஜெல்லும் சரிதான். வீட்டுல செய்யுறதுன்னா ஆளி விதை.

கால் டம்ளர் ஆளி விதைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. மிதமான தீயில கிண்டிக்கிட்டே இருங்க, விட்டா அடிப்பிடிக்கும். ஏழெட்டு நிமிஷத்துல வெள்ளை நுரை கட்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தா சொட்டா விழாம இழையா இறங்கும், அந்தப் பதத்துல இறக்கிடுங்க. சூடா இருக்கும்போதே வடிகட்டியில ஊத்துங்க. ஆறினா விதையோட சேர்ந்து கெட்டியாகி, எவ்வளவு பிழிஞ்சாலும் வராது. முதல் தடவை செய்யுறவங்க பெரும்பாலும் தடுமாறுறது இங்கதான். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். மிச்சத்தை ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுடலாம். புளிச்ச வாடை வந்தா கொட்டிடுங்க.

செம்பருத்தி இலை, வெந்தயம், வெண்டைக்காய் எல்லாத்துலயும் இதே மாதிரி வழவழப்புதான் இருக்கு. ஆனா செம்பருத்தியை அரைச்சா இலைத்தூள் முடியில மாட்டிக்கும், அதைக் குளிக்கிறதுக்கு முன்னாடி தலையில தேய்க்கிற தாளியாவே (இலை விழுதாவே) வெச்சுக்கோங்க.

மூணு விரல் அளவு ஜெல்லை ரெண்டு உள்ளங்கையிலயும் பரப்பி, முடியை நடுவுல வெச்சு மேலேருந்து கீழ வழிச்சு விடுங்க. அப்புறம் பழையபடி நுனியிலேருந்து மேல்நோக்கி அமுக்குங்க.

[திரையில்: இடப்பக்கம் தடித்த டர்க்கி டவல், வலப்பக்கம் ஈரிழைத் துண்டு.]

தடித்த டர்க்கி டவல்ல இருக்கிற நூல் வளையங்கள் கற்றையைப் பிரிச்சுடும். நம்ம ஊர் ஈரிழைத் துண்டு இருக்கே, அதைவிட நல்லது எதுவும் இல்ல. பழைய பருத்தி பனியனும் சரி. தேய்க்காம, நுனியிலேருந்து மேல்நோக்கி ஒத்தி அமுக்குங்க. பத்து நிமிஷம் தலையில சுத்தி வெச்சுட்டு எடுத்துடுங்க.

இனி தொடக் கூடாது. காதுக்குப் பின்னாடி ஒதுக்குறது, காய்ஞ்சுதான்னு கோதிப் பார்க்கிறது, எல்லாமே இதுல அடக்கம். சாம்பிராணி போடுறவங்க வீட்டுலயும் முடியைக் கெடுக்கிறது புகை இல்ல, புகைக்கு மேல முடியை விரிச்சு விரிச்சுக் கோதுறதுதான். தள்ளி உட்கார்ந்து மெதுவான ஃபேன் காத்துல காய விடுங்க. அடர்த்தியான முடிக்கு மூணு மணி நேரம் கூட ஆகலாம். காலையில குளிச்சுட்டு ஈரத்தோட ஹெல்மெட் மாட்டிக்கிட்டுக் கிளம்புறவங்களுக்கு இது சரிப்படாது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குளிச்சுட்டீங்கன்னா படுக்கப் போறதுக்குள்ள காய்ஞ்சுடும். ட்ரையர் போட்டே ஆகணும்னா டிஃப்யூசர், அதாவது காத்தைப் பரவலா விடுற மூடி, மாட்டி, குறைஞ்ச சூட்டுல.

[திரையில்: விறைத்த முடிக்கற்றை. கை அதை அமுக்க, மெல்ல நெகிழ்கிறது.]

காய்ஞ்சதும் முடி விறைப்பா, தொட்டா நொறுங்குற மாதிரி இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து நிறையப் பேர் தலையை மறுபடி அலசிடுறாங்க. ஜெல் சரியாப் பிடிச்சதுக்கு அடையாளமே அந்த விறைப்புதான். பிடரிக்கிட்ட விரல் வெச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு. ஈரம் துளியும் இல்லாதபோது, ஒரே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சுக்கிட்டு முடியை அள்ளி அமுக்குங்க. விறைப்பு உடைஞ்சு அலை மட்டும் நிக்கும்.

ராத்திரிக்குத் தளரப் பின்னி, துணி சுத்தின ரப்பர் பேண்ட் போட்டுப் படுங்க. தலையணைக்குப் பழைய பட்டுப் புடவையில ஒரு உறை தைச்சுக்கிட்டா உராய்வு குறையும். காலையில கலைஞ்சிருந்தா, 200 மில்லி தண்ணியில ஒரு தேக்கரண்டி கண்டிஷனர் கலந்து, மேலாப்புல மட்டும் தெளிச்சு அமுக்கி விடுங்க. அந்தக் கலவையை நாலு நாளைக்கு மேல வெச்சுக்காதீங்க.

[திரையில்: புட்டியின் பின்பக்கம். பொருட்பட்டியலில் விரல் நகர்கிறது.]

இத்தனையும் செஞ்சும் சரியா வரலைன்னா எங்க பார்க்கணும்?

முடி படுத்துப் பிசுக்குன்னு இருந்தா கண்டிஷனர் அதிகம், இல்லைன்னா கண்டிஷனர் மாதிரி பொருட்கள்ல வழவழப்புக்குச் சேர்க்கிற சிலிகான் படிஞ்சிருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை சல்ஃபேட் (நல்லா நுரைச்சு அழுக்கெடுக்கிற பொருள்) உள்ள சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்க. சல்ஃபேட்டே கூடாதுன்னு சொல்றது மிகை.

மழை நாள்ல மட்டும் பறட்டையானா, ஜெல்லோட பொருட்பட்டியல்ல முதல் அஞ்சு பேருக்குள்ள கிளிசரின் இருக்கான்னு பாருங்க. அது ஈரத்தை இழுக்கும் பொருள். ஐப்பசி, கார்த்திகையில அது இல்லாத ஜெல்லுக்கு மாறிடுங்க.

எது போட்டாலும் சொரசொரன்னே இருந்தா தண்ணியைச் சந்தேகப்படுங்க. போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் முடியில படியும். கடைசி ரெண்டு சொம்பு மட்டும் ஆர்.ஓ. குடிதண்ணியில அலசினாலே வித்தியாசம் தெரியும். ஆர்.ஓ. மெஷின் வெளியேத்துற கழிவுத் தண்ணியைப் பிடிச்சு ஊத்தாதீங்க, அதுல உப்பு இன்னும் அதிகம். இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர், மாசத்துக்கு ரெண்டு தடவை.

பார்லர்ல முடியை நேராக்குறதுக்கு 'கெரட்டின்', 'ஸ்மூத்னிங்'னு சொல்வாங்க. பல கலவைகள் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும். அது இல்லைன்னு விக்கிறதுல சிலதுல கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அந்த அமிலம் கலந்த க்ரீம் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிச்சதை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 2024-இல் வெளியிட்டுச்சு. போடுறதா இருந்தா முதல்ல டப்பாவைக் கேட்டு வாங்கிப் படிங்க.

[திரையில்: கத்தரிக்கோல், காய்ந்த அலை முடியின் நுனி.]

முடி வெட்டப் போனா காய்ஞ்ச முடியில வெட்டச் சொல்லுங்க. ஈரத்துல அலை நீண்டு நிக்கும், காய்ஞ்சதும் ஒண்ணு ரெண்டு இன்ச் மேல ஏறிடும். ரேஸரால நுனியை மெலிசாக்குறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, கத்தரிக்கோல் போதும்.