உப்பிட்டவரை நினைக்கும் ஆராய்ச்சி

(உளவியல் முனைவர் பட்ட ஆய்வாளர்களின் கருத்தரங்கத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்ட பதிவாளர் அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி வேலை பார்க்கும் துறைத்தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திப் பெருமைப்படுத்திய பேராசிரியப் பெருமக்களே, வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் மனநல மருத்துவர் ஐயா அவர்களே, ஆய்வாளர்களாகிய என் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் ஐயா இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்வது, மனத்தை அளக்கும் வினாத்தாளாகிய அளவுகோலில் எதை எடுப்பது, நமக்குப் பதில் சொன்னவர்களுக்கு நாம் என்ன செய்வது. எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லுகிற பழமொழி ஒன்று உண்டு: ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’. இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் ஆய்வுச் சுருக்கங்களை நேற்றிரவு படித்தேன். தேர்வுப் பதற்றம், கைபேசிப் பழக்கம், மனச்சிதைவு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் சுமை, செவிலியரின் பணிச்சோர்வு. நல்ல தலைப்புகள். இந்தியாவில் உளவியலுக்கென்று கல்கத்தாவில் 1916இல் துறை தொடங்கினார்கள், மைசூரில் 1924இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல். அந்த வரிசையில் வருகிறவர்கள் நீங்கள். ஆனால் பாதிப் பேருக்கு மேல் கல்லூரி மாணவர்களிடமே கூகுள் ஃபார்ம் அனுப்பித் தரவு வாங்கியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் முன்னணி உளவியல் இதழ்களை ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2008இல் அலசிப் பார்த்தார். ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே உருவான கேள்விகளைத்தான் நாம் இங்கே கொடுத்து நிரப்பச் சொல்கிறோம். அளவுகோலைப் பற்றிப் பேசினால் பொழுது போதாது, பிறகு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி. அரசுப் பேருந்து நடத்துநர்களின் மன அழுத்தம் அவளுடைய தலைப்பு. பணிமனை வாசல் டீக்கடை பெஞ்சுதான் அவளுக்கு ஆய்வுக்கூடம். நைட் ஹால்ட் முடிந்து, கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு, தோல்பையோடு வருகிறவர்களிடம் வினாத்தாளை நீட்டுவாள். முதலில் யாரும் வாங்கவில்லை. மேலிடத்து ஆள் என்று நினைத்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். வயதான நடத்துநர் ஒருவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நாற்பது கேள்விக்கும் நிதானமாகக் குறியிட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “ஏம்மா, இதுல என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கும் வந்து சொல்லுவியா?” “கண்டிப்பா சொல்றேங்க ஐயா” என்றாள்.

சொன்ன சொல்லை அந்தப் பெண் காப்பாற்றினாள். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுவாரமே, எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதி, கிளை மேலாளரிடம் அனுமதி வாங்கி, டியூட்டி சார்ட் ஒட்டும் பலகையில் ஒட்டினாள். தூக்கம் கெடுவதும் எரிச்சல் வருவதும் சேர்ந்தே இருக்கின்றன என்று எழுதியிருந்தாள். கூட்டம் கூடிவிட்டது. படித்தவர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார்: “எல்லாம் சரிம்மா. சில்லறைச் சண்டையைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே! ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட வாய் கொடுக்கிறோம் தெரியுமா?” இன்னொருவர், ஒன்றுக்குப் போக இடமில்லாத வழித்தடங்களைச் சொன்னார். பெண் நடத்துநர் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அதனால் தண்ணீரே குடிக்காமல் போவதைச் சொன்னார். நாற்பது கேள்வியில் இது எதுவுமே இல்லை. அவளுடைய அடுத்த ஆராய்ச்சி ஆர்வம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. நூலகத்தில் உட்கார்ந்து தலைப்புத் தேடுகிற பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி அறிக்கை 1964இல் வந்தது. அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பங்கேற்றவர்கள் விரும்பினால் ஆய்வின் பொதுவான முடிவை அறிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நாமோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம், தரவை எடுத்துக்கொள்கிறோம், பட்டம் வாங்குகிறோம். ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது. மகனின் நோயைப் பற்றி ஒரு மணி நேரம் அழுதபடி பேசிய தாய்க்கு, அவர் பேச்சு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? உங்கள் பெயருக்கு முன்னால் வரப்போகிற ‘முனைவர்’ அவர்கள் போட்ட உப்பு ஐயா!

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. அளவுகோலைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். துணைவேந்தர் ஐயாவிடம் ஒரே ஒரு கோரிக்கை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதே இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். தனி ஒருவரின் மதிப்பெண்ணோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது, பொதுவான முடிவு மட்டும் போதும். எந்தப் பணிமனையில், எந்தப் பள்ளியில், எந்த மருத்துவமனையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு கையெழுத்தும் இருக்கட்டும். இந்தத் துறையில் இந்த ஆண்டு முடிக்கும் அத்தனை பேருக்கும் அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். துறைத்தலைவர் அம்மாவிடம் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.