இரண்டு வாரத்துக்கு ஓர் அறை

(காப்பக விலங்குகளுக்காக நடந்த ஆதரவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் காப்பகச் செயலாளர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய இளைஞர் அணியினரே, இவர்கள் எல்லோருக்கும் முன்பே விழித்து விடிகாலையில் கூண்டு கழுவிவிட்டு இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மருத்துவர் அம்மா இந்தக் காப்பகத்துக்குச் செய்துவரும் தொண்டைச் செயலாளர் விரிவாகவே சொல்லிவிட்டார். அதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் முன் வரிசைக்கு வந்து சிறப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தத்தெடுப்பது, தற்காலிகமாக வளர்ப்பது, தன்னார்வத் தொண்டு என்று இந்தத் தேருக்கு மூன்று வடங்கள். மூன்றைப் பற்றியும் பேசுகிறேன்.

முதலில் தத்தெடுப்பு. காப்பகத்திலிருந்து நாய் வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? முதல் மூன்று நாள் அது ஒடுங்கிக் கிடக்கும். சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், கூடவே அதன் குறும்புகளும் வெளியே வரும். இது நம் வீடு என்று அது நம்ப ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல், நான்காம் நாளே "இது பழகவே மாட்டேன் என்கிறது" என்று கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. அந்த நாய்க்கு முதல் மூன்று நாள் கணக்கே அப்போதுதான் முடிந்திருக்கும்.

ஆகவே முதல் வாரம் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கடைத்தெருவுக்கு அழைத்துப் போக வேண்டாம். உணவை மாற்றுவதென்றால் ஏழு நாளில் மெல்ல மெல்லக் கலந்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அதை நோய் என்று நினைத்துப் பதறுவீர்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் முதல் நாளே இருக்க வேண்டும். புதிதாக வந்த நாய் ஓடிப்போவது பெரும்பாலும் தொடக்க நாள்களில், கதவு திறக்கும் நொடியில்தான். மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையைப் பட்டையிலிருந்து உருவிக்கொள்ளும். அதனால் பட்டையில் ஒரு வார், மார்புக் கச்சையில் ஒரு வார் என்று இரண்டு மாட்டுங்கள்.

தத்தெடுத்தவர்கள் திரும்பக் கொண்டுவருவதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நாய் ஒரு வீட்டில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூண்டில் கம்பியைப் பிறாண்டிக் குரைக்கிற நாய் வீட்டுக்குள் நாள் முழுக்கத் தூங்கும். கூண்டில் சாதுவாக இருப்பது வீட்டில் தனியாக விட்டதும் கதவைக் கடித்துக் குதறும். கூண்டைப் பார்த்து வீட்டைச் சொல்ல முடியாது. இங்கேதான் இரண்டாவது வடமான தற்காலிக வளர்ப்புக்கு, அதாவது காப்பக விலங்கை அது தத்துப்போகும்வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு, வருகிறோம். நான் இந்த மேடை ஏறியதும் அதற்காகத்தான்.

ஒரு வரலாறு சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். 1860, லண்டன் மாநகரம். சாரா மேஜர் என்ற பெண்மணி தெருவில் பட்டினியால் சாகக் கிடந்த ஒரு நாயைக் கண்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார். தம் தோழி மேரி டீல்பிக்கு அதைக் காட்டினார். டீல்பி அம்மையாருக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்த நாயைக் காப்பாற்றப் படாத பாடு பட்டார்கள். அது பிழைக்கவில்லை. செத்துப்போய்விட்டது, அன்பர்களே. அதோடு அவர்கள் கையைக் கழுவிவிடவில்லை. அடுத்த நாயை எடுத்து வந்தார்கள், அதற்கடுத்ததையும் எடுத்து வந்தார்கள். எங்கே வைத்தார்கள்? அந்த வீட்டுச் சமையல்கட்டை ஒட்டிய, பாத்திரம் கழுவுகிற அறையில்! அங்கே இடம் கொள்ளாமல் போனதும், ஹாலோவே பகுதியில் பழைய குதிரை லாயத்தைப் பிடித்து, தொலைந்துபோன, பட்டினியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. மனிதனுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்றார்கள். குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். டீல்பி அம்மையார் 1865-இல் மறைந்தார். இல்லம் மறையவில்லை. 1871-இல் பேட்டர்சி பகுதிக்கு இடம் மாறியது, 1883-இல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டது, இன்றும் நடக்கிறது. உலகமறிந்த அந்தக் காப்பகம் தொடங்கிய இடம் ஒரு வீட்டுச் சமையல்கட்டு. நம் வீட்டில் ஒரு மூலை இருக்காதா?

அந்த மூலை காப்பகத்துக்கு என்ன செய்யும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு கூண்டில் ஒரு நாய் சராசரியாக 30 நாள் இருந்தால், அந்தக் கூண்டு ஆண்டுக்குப் 12 நாய்களுக்கு இடம் கொடுக்கும். 15 நாள் என்றால் 24. செங்கல், சிமென்ட் எதுவும் இல்லாமல் காப்பகம் இரண்டு மடங்காகிறது. அமெரிக்காவில் 51 காப்பகங்களில் 1,955 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. சில மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லப்பட்ட நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு, போகாதவற்றைவிட 5 மடங்கு. ஓரிரு இரவு ஒருவர் வீட்டில் தங்கிவந்த நாய்களுக்கு 14 மடங்கு. ஊர் கூடினால் தேர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று பாருங்கள்!

தற்காலிக வளர்ப்பு யாரைவிடவும் அதிகம் தேவைப்படுவது தாயில்லாத பூனைக்குட்டிகளுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க இரவில் காப்பகத்தில் ஆள் கிடையாது. முதல் விதி, முதலில் சூடு, பிறகு பால். உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. பசிக்கிறதே என்று உடனே ஊட்டுகிற பாசம்தான் பல குட்டிகளைக் கொன்றிருக்கிறது. பெட்டியில் பாதிக்கு மட்டும் கீழே வெப்ப மெத்தை வைத்து, மேலே துணி விரியுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

பசும்பால் கூடாது, கழிச்சல் கண்டு உடல் வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் ஃபார்முலா பால்தான். முதல் வாரத்தில் வேளைக்கு 2 முதல் 6 மில்லி, உடல்சூட்டு அளவுக்கு வெதுவெதுப்பாக. குட்டியைக் கைக்குழந்தை போல மல்லாத்தாதீர்கள். தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்துக் கொடுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்திக் குட்டியின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தடவ வேண்டும். மூன்று வாரம் வரை அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள். எடை குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருக்கிறதா? வந்த குட்டியைக் குறைந்தது இரண்டு வாரம் கதவு மூடிய தனி அறையில் வையுங்கள். தட்டு வேறு, துடைக்கும் துணி வேறு, அந்த அறைக்கென்று ஒரு மேலங்கி வேறு. முதல் நாள் நன்றாக இருக்கும் குட்டி ஒரு வாரம் கழித்துப் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயில் விழும். அந்த வைரஸ் சோப்புக்கு அசையாது, தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு 1 பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுப் பிறகு ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் அதிலேயே செத்துப்போகும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.

"வளர்த்துவிட்டுக் கொடுக்க மனசு வராதே" என்று கேட்பார்கள். வராதுதான். அழுகைகூட வரும். ஆனால் நீங்கள் கொடுக்கும் நாளில்தான் உங்கள் அறை அடுத்த குட்டிக்குத் திறக்கிறது. அதோடு, மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் யாரை அழைப்பது, தத்துக் கொடுக்கும் முடிவு யாருடையது என்று காப்பகத்தோடு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் விட்டதால் மனக்கசந்து விலகிய நல்ல வீடுகள் பல.

மூன்றாவது வடமான தன்னார்வத் தொண்டைப் பற்றி விரிவாகப் பேசத் தலைவர் அவர்கள் நேரம் தரவில்லை, குறையில்லை. மாதத்தில் ஒரு நாள் ஆர்வத்தோடு வந்து போவதைவிட வாரத்தில் ஒரு மணி நேரம் தவறாமல் வருவதுதான் காப்பகத்துக்கு உதவும், அவ்வளவு சொல்கிறேன். நாயை நடைக்கு அழைத்துப் போக எல்லோரும் வருகிறார்கள், துணி துவைக்க ஆளில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரும் வேண்டும்.

வாசல் மேசையில் பதிவேடு இருக்கிறது. பெயரும் எண்ணும் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். கதவு மூடக்கூடிய அறை எத்தனை, வீட்டில் என்ன விலங்குகள், அவற்றுக்குத் தடுப்பூசி எப்போது போட்டது, இரவில் எழுந்து பால் கொடுக்க முடியுமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். இரவில் முடியாதவர்கள் தாய்ப்பூனையும் குட்டிகளும் சேர்ந்திருக்கும் குடும்பத்தைக் கேளுங்கள், பால் கொடுக்கும் வேலையைத் தாயே பார்த்துக்கொள்ளும். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் இரண்டு வாரம் என்றே எழுதுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரிக்கும்வரை தங்க இடமில்லாத நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு 14 நாள் போதும். நன்றி, வணக்கம்.