வெள்ளிக்கிழமை ஓ.பி.

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்ப மருத்துவர் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவர், தெருமுனையில் சிறிய கிளினிக் வைத்துக்கொண்டு, பாட்டனாருக்கும் பேரனுக்கும் ஒரே மேசையில் மருந்து எழுதிக் கொடுத்த வயதான டாக்டர்தான். அவர் அனுபவத்தால் அப்படி ஆனவர். அதற்கென்று தனியாகப் படித்தவர் அல்லர். இன்று, எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் மேலும் மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில் பணிசெய்தபடியே பயின்று, ஆய்வேடு எழுதி, தேசியத் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. பட்டம் பெறலாம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில் இதற்கு எம்.டி. பட்டமே உண்டு. இந்தப் பயிற்சியில் ஆசிரியராக இருந்து நான் கண்ட ஒரு குறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பொது மருத்துவத்தில் சில மாதங்கள், பிறகு அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், அவசரச் சிகிச்சை, இடையிடையே கண், தோல், எலும்பு, மனநலம் என்று பயிற்சி மருத்துவர் வார்டு வார்டாக மாறிச் செல்கிறார். எல்லாத் துறைகளிலும் கை பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால், ஒரு வார்டில் நோயாளிகளின் முகங்கள் மனத்தில் பதியத் தொடங்கும் வேளையில் அவருக்கு டூட்டி மாறிவிடுகிறது. ஒருவரையே ஆண்டுக்கணக்கில் பார்த்துவர வேண்டிய தொழிலுக்குத் தயாராகிறவர், பயிற்சிக் காலத்தில் எவரையும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், விசைப்படகில் மயங்கி விழுந்து, கரை சேர்ந்ததும் எங்களிடம் கொண்டுவரப்பட்டார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், கண் விழித்தார், சர்க்கரை நோய்க்கு அவர் சாப்பிட்டுவந்த பழைய மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே மயக்கம். முதலில் பார்த்த பயிற்சி மருத்துவர் அப்போது பிரசவ வார்டில் இருந்தார்; புதிதாக வந்தவர் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துவிட்டு அதையே திரும்பச் செய்தார். ரவுண்ட்ஸில் நின்று அதை ஒப்புக்கொண்டவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது, முதலில் பார்த்த அதே பெண் மருத்துவர் தற்செயலாக அவசரப் பிரிவில் இருந்தார். முகம் நினைவிருந்ததால் கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணே, கடலுக்குப் போனா எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். "காலையில டோக்கன் வாங்கிப் படகு ஏறுனா டீயும் பன்னும்தான் டாக்டரம்மா. ராத்திரி பூரா வலையோடதான் கெடக்கணும்" என்றார் அவர். காலை உணவுக்கு முன் போடச் சொல்லியிருந்த மாத்திரை கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் இயல்பு. அதனோடு வெறும் வயிறும், விடிய விடிய வலை இழுக்கிற உழைப்பும் சேர்ந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மாத்திரையை மாற்றினோம். (கேட்டுக்கொண்டிருக்கும் எவரும் இதை வைத்துத் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லுங்கள், அது போதும்.)

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால், ஒரே ஆள் மூன்றாம் முறையாக அதே நிலையில் வரும்போதுதான், நாம் எழுதிய சீட்டில் ஏதோ பிழை இருக்கிறது என்னும் உறுத்தல் பிறக்கிறது. ஒரு முறை மட்டுமே பார்ப்பவருக்கு அது பிறக்க வழியே இல்லை.

அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் 1969-ஆம் ஆண்டு தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. அங்கே பயிற்சி மருத்துவர் எந்த வார்டில் இருந்தாலும், தமக்கென ஒதுக்கப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து ஓ.பி.யில் பார்த்துவருகிறார். நம் நாட்டிலும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இப்போது குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்துவிட்டது. முதலாண்டு மாணவரே சில குடும்பங்களைத் தம் பொறுப்பில் ஏற்றுத் தொடர்ந்து சென்று பார்க்கிறார். குடும்ப மருத்துவமே படிக்க வந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லாதிருப்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

ஆகவே, வாரத்தில் ஒரு நாள், எந்த வார்டில் இருந்தாலும், தம் பழைய நோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி. ஒன்றைத் தொடங்கினோம். எந்த நாள் என்பதிலேயே பாடம் ஆரம்பித்தது. ராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகின்றன. எனவே வாரத்தின் நடுவில் கடலும் மீன் விலையும் குறுக்கிடாத நாள் வெள்ளிதான். ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலேயே தொடங்கிவிடுவோம். வார்டுத் தலைவர்கள், ஆள் குறைகிறதே என்று முணுமுணுத்தார்கள், இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

ஓராண்டாவது பார்த்தால்தான் தெரியும் சங்கதிகள் இந்தக் கரையில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, உழைப்போ குறைவு. அதே மீனவருக்கு இப்போது சர்க்கரை ஏறுகிறது. தடை முடிந்து படகு ஏறியதும் மறுபடி இறங்குகிறது. மே மாதத்தில் மட்டும் பார்த்தவர் மருந்தைக் கூட்டுவார். ஆகஸ்டில் மட்டும் பார்த்தவர் குறைப்பார்.

மனநலப் பயிற்சிக்கும் இது பொருந்தும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. பின்னாளில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு, துவாவை, அதாவது பிரார்த்தனையை, தடுக்காமலேயே மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு அங்கே வந்தது. தொழுதுவிட்டு வரும் தாயிடம் மாத்திரையைப் பற்றிப் பேச ஒரு பயிற்சி மருத்துவருக்கு முதல் சந்திப்பில் நா எழாது. நான்காம், ஐந்தாம் சந்திப்பில் அந்தத் தாயே பேச்சை எடுப்பார்.

நான் சொன்ன மீனவர் இப்போதும் வருகிறார். சென்ற முறை தம் சர்க்கரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. கூடவே மனைவியை அழைத்து வந்திருந்தார். பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். துணி சுற்றிய விரல்களை அவர் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "டாக்டரம்மா பாப்பாங்க, காட்டு" என்றார் கணவர்.