சொந்த ஸ்டார்ட்அப், சொந்த மனு: என்ஐடபிள்யூவா, இபி-1ஏவா?

வணக்கம் மக்களே. அமெரிக்கால டெக் கம்பெனி ஆரம்பிச்சவங்க ஸ்பான்சர் இல்லாம கிரீன் கார்டுக்குப் போக ரெண்டு வழி: இபி-2 என்ஐடபிள்யூ (நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர், அதாவது நாட்டு நலனுக்காகத் தர்ற விலக்கு), இபி-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவங்களுக்கான பிரிவு). ரெண்டுக்குமே ஐ-140ங்கிற குடியேற்ற மனுப் படிவம்தான். நீங்களே மனுதாரர், நீங்களே கையெழுத்து.

முதல்ல என்ஐடபிள்யூ. மாஸ்டர்ஸ், இல்லன்னா பேச்சலர்ஸ் முடிச்சு அதே துறையில படிப்படியா உயர்ந்த 5 வருஷ அனுபவம் வேணும், அதுவும் இல்லன்னா துறையில விசேஷத் திறமை இருக்குன்னு காட்டணும். அதுக்கப்புறம் தனசார்ங்கிறவரோட குடியேற்ற மேல்முறையீட்டுல 2016ல வந்த தீர்ப்பு வச்ச மூணு கேள்வி: முயற்சிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கா, அதைக் கொண்டுபோக உங்களால முடியுமா, லேபர் சர்டிபிகேஷனை (அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்க ஆள் கிடைக்கலைன்னு தொழிலாளர் துறை தர்ற சான்று) விட்டுக்கொடுக்கறது நாட்டுக்கு நல்லதா.

நிறைய பேர் விழுறது முதல் கேள்வியிலதான். "ஹாஸ்பிட்டலுக்கு ஏஐ சாஃப்ட்வேர் பண்றேன்"னு எழுதினா அது உங்க பிசினஸ், அவ்வளவுதான். "ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் இல்லாத கிராமத்து ஹாஸ்பிட்டல்ல, நர்ஸ் ஏற்கெனவே பதியுற அளவுகளை வச்சே செப்சிஸை (கிருமித் தொற்றால உயிருக்கே ஆபத்தாகிற நிலை) முன்னாடியே கண்டுபிடிக்கிற மென்பொருள்"னு எழுதுங்க. யாருக்கு, எங்க, என்ன மாறுதுன்னு அந்த ஒரே வாக்கியத்துல தெரியணும். உங்க கஸ்டமரைத் தாண்டி அந்தத் துறைக்கே என்ன கிடைக்குதுன்னும் காட்டணும். கம்பெனி ஜெயிச்சே தீரும்னு நிரூபிக்கச் சொல்லி தனசார் கேக்கலை, அதனால பிசினஸ் பிளான்ல ஆதாரமில்லாத கோடிகளை அடுக்காதீங்க.

ரெண்டாவது கேள்விக்குப் பேப்பர்தான் பேசணும். முதலீடு வந்திருந்தா கையெழுத்தான ஒப்பந்தம், பணம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட், உங்க பங்கு எவ்வளவுன்னு காட்டுற கேப் டேபிள், மூணையும் சேர்த்து வைங்க. சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் ஒரே நடையில இருந்தா எடுபடாது.

இபி-1ஏக்கு டிகிரி வேண்டாம். உலக அளவுல பெரிய விருது எதுவும் இல்லன்னா, திறமையைக் காட்டுற 10 அளவுகோல்ல குறைஞ்சது 3 வேணும், அதுக்கு மேல மொத்தமா ஒரு மதிப்பீடு இருக்கு. உதாரணமா, துறையில மத்தவங்க வேலையை மதிப்பிட ஜட்ஜா கூப்பிட்டாங்கங்கிற மெயில் மட்டும் பத்தாது, நிஜமாவே மதிப்பிட்டதுக்கு அத்தாட்சி வேணும். பத்திரிகைக் கட்டுரை உங்களையும் உங்க வேலையையும் பத்தி இருக்கணும், வெறும் ப்ராடக்ட் அறிமுகம் செல்லாது. சம்பளமே எடுக்காத ஃபவுண்டர்கள் கவனிங்க: உயர்ந்த சம்பளத்துக்கு ஈடா, நம்பகமான வேல்யுவேஷனோட உங்க பங்கு மதிப்பைக் காட்ட வழி இருக்கு.

இப்போ கட்டணம். 715 டாலர், கூடவே சுய மனுதாரருக்கான அசைலம் ப்ரோகிராம் ஃபீ 300 டாலர். ரெண்டையும் தனித்தனியாக் கட்டணும். தப்பாக் கட்டினா பார்சல் அப்படியே திரும்பி வரும், ப்ரயாரிட்டி டேட்டும் (கிரீன் கார்டு வரிசையில உங்க இடத்தைக் குறிக்கிற தேதி) கிடைக்காது. என்ஐடபிள்யூக்கு தொழிலாளர் துறையோட இடிஏ-9089 படிவத்துல அப்பெண்டிக்ஸ் ஏவும், கையெழுத்துப் போட்ட ஃபைனல் டிடர்மினேஷன் படிவமும் கூட வைக்கணும். பிரீமியம் (கூடுதல் கட்டணத்துக்கு வேகப் பரிசீலனை) எடுத்தா இபி-1ஏக்கு 15 வேலை நாள், என்ஐடபிள்யூக்கு 45. அது முடிவைத்தான் சீக்கிரம் தரும், வரிசையைக் குறைக்காது.

வரிசை பாஸ்போர்ட்டை வச்சு இல்லை, பிறந்த நாட்டை வச்சு. சென்னையில பிறந்தவர் இந்தியா வரிசை, யாழ்ப்பாணத்துல பிறந்தவருக்கு அது கிடையாது. துணை வேற நாட்டுல பிறந்திருந்தா அந்த நாட்டுக் கணக்குல சேரலாம். இந்தியால பிறந்தவங்க என்ஐடபிள்யூவை முதல்ல போட்டுத் தேதியைப் பிடிங்க. அது அப்ரூவ் ஆனா, பின்னாடி இபி-1ஏ போடும்போதும் அந்தப் பழைய தேதியே செல்லும். முன்னாடி வேலை பார்த்த கம்பெனி போட்டு அப்ரூவான ஐ-140 தேதிக்கும் இதே விதிதான், அந்த அப்ரூவல் நோட்டீஸ் நகலை மனுவோட இணைச்சிடுங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: ஐ-140 அப்ரூவல் வேலை செய்யற அனுமதி இல்லை. வேற கம்பெனி எடுத்த எச்-1பி வேலை விசால இருந்துகிட்டு, அதை நம்பி உங்க ஸ்டார்ட்அப்ல வேலை செஞ்சா ஸ்டேட்டஸுக்கே ஆபத்து.