நாலு மாத நடையும் இரண்டு மணி நேர நடையும்

அன்பர்களே, வணக்கம்.

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிறந்த இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் கதை. எல்லோரும் பலமுறை கேட்ட பகுதி. அதுதான் சிக்கலே. அதிகம் கேட்ட கதையில் இல்லாததெல்லாம் இருப்பதுபோலத் தோன்றிவிடும். முதலில் அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்.

மூன்று பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று, ஆகவே ஆளும் மூன்று என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டோம். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வரைந்த படங்களில் ஓரிடத்தில் இரண்டு பேர், இன்னோரிடத்தில் நான்கு பேர். சிரிய மரபில் பன்னிரண்டு பேர் என்றுகூடச் சொல்கிறார்கள். ராஜாக்கள் என்றும் அவர் எழுதவில்லை. சங்கீதம் 72-லும் ஏசாயா 60-லும் காணிக்கையோடு வருகிற ராஜாக்களைப் பிற்காலத்தவர் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் வந்தது இன்னும் பல நூற்றாண்டுகள் கழித்து. அவர்களுடைய எலும்புகள் என்று சொல்லப்படுபவை ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தில் பொற்பேழைக்குள் இருக்கின்றன. 1164-ல் மிலானிலிருந்து கொண்டுபோனார்கள். மார்க்கோ போலோவோ அவர்களின் கல்லறைகள் பாரசீகத்துச் சாவே நகரில் இருப்பதாக எழுதிவைத்தார். செத்த பிறகும் அவர்களை நாம் ஓரிடத்தில் இருக்கவிடவில்லை!

சிறுவயதில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்குச் சாஸ்திரி வேடம் கொடுத்தார்கள். தங்கத்தாள் ஒட்டிய கிரீடம் என் தலைக்குப் பெரிது. மூக்குவரை இறங்கிக் கண்ணை மறைத்துவிட்டது. முன்னால் போனவனின் அங்கியைப் பிடித்துக்கொண்டே மேடையைக் கடந்தேன். மேலே கயிற்றில் நகர்ந்த நட்சத்திரத்தை அன்று நான் பார்க்கவே இல்லை.

சரி, இவர்கள் யார்? நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு 'சாஸ்திரிகள்' என்கிறது, புதியவை 'ஞானிகள்' என்கின்றன. கிரேக்கத்தில் இருக்கிற சொல் 'மாகோய்'. மரியாதையான சொல் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தில், சீப்புருதீவில் பவுலை எதிர்த்து நின்ற ஒருவனுக்கும் இதே சொல்தான். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'மாயவித்தைக்காரன்' என்று போட்டார்கள். ஒரே சொல்; நமக்குப் பிடித்தவர் என்றால் சாஸ்திரி, பிடிக்காதவர் என்றால் மாயவித்தைக்காரன். நட்சத்திரம் பார்க்கிறவர்களை ஏசாயா 47-ஆம் அதிகாரத்தில் கேலி செய்கிறார்: வரட்டும் அவர்கள், வந்து உன்னைக் காப்பாற்றட்டும் பார்க்கலாம் என்கிறார். அந்த வேதத்தில் ஊறிய மத்தேயு, பிள்ளையை முதன்முதலில் பணிந்துகொண்டவர்கள் என்று இவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். சமாதானமோ விளக்கமோ ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

தேடுகிறவர்களிடம் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? முதலில் இதைப் படி, இதை விடு, இப்படி உட்கார், அப்புறம் வா என்கிறோம். இவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கையில் இருந்தது வானம் பார்க்கிற தொழில் ஒன்றுதான். அதில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதை நம்பிக் கிளம்பினார்கள்.

அந்த நட்சத்திரம் எது என்ற கேள்விக்கு இன்று அதிக நேரம் கொடுக்கப்போவதில்லை. கி.மு. 7-ல் வியாழனும் சனியும் மீன ராசியில் மூன்று முறை நெருங்கி வந்தன. வானியலாளர் கெப்ளர் காலத்திலிருந்தே அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அன்று யூதேயாவை ஆண்ட ராஜா ஏரோது இறந்தது கி.மு. 4 என்று பெரும்பாலோர் கொள்வதால் காலமும் ஒத்துவருகிறது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வசனத்தில் இருக்கிற ஒன்றைத் தவறவிட்டுவிடுவோம். "கிழக்கிலே அவருடைய நட்சத்திரத்தைக் கண்டு" வந்தோம் என்கிறார்கள். கண்டோம், வந்தோம். அவ்வளவுதான். அது வழிநெடுக முன்னால் போனது என்று இங்கே எழுதியிருக்கவில்லை. எருசலேமை விட்டுப் புறப்பட்ட பிறகுதான் அது அவர்களுக்கு முன்னே போகிறது. அதைக் கண்டபோது "மிகுந்த ஆனந்த சந்தோஷமடைந்தார்கள்" என்று வருகிறது. தலைக்கு மேலே தினமும் தெரிந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்து யாராவது அப்படிச் சந்தோஷப்படுவார்களா? ஆக, அந்த நெடும் பயணத்தில் பெரும்பகுதியை அவர்கள் நட்சத்திரம் இல்லாமலே நடந்திருக்கவேண்டும் என்றுதான் நான் வாசிக்கிறேன். என்றோ ஒரு ராத்திரி பார்த்ததன் நினைவுதான் கைவிளக்கு.

எவ்வளவு நடந்திருப்பார்கள்? எந்த ஊரிலிருந்து என்று மத்தேயு சொல்லவில்லை. பாபிலோன் பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைக்கு வேதத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது: வேதபாரகன் எஸ்றா முதலாம் மாதம் முதல் தேதியில் பாபிலோனிலிருந்து புறப்பட்டு, ஐந்தாம் மாதம் முதல் தேதியில் எருசலேம் வந்து சேர்ந்தார். நாலு மாதம்!

நாலு மாதம் நடந்து வந்தவர்கள் செய்த முதல் காரியம் ஒரு தப்பு. ராஜா பிறந்திருக்கிறார் என்றால் அரண்மனையில்தானே பிறந்திருப்பார் என்று தலைநகரத்துக்குப் போனார்கள். புத்திசாலிகள் செய்யக்கூடிய தப்பு. வானம் அவர்களுக்கு நாட்டைக் காட்டியது, தெருவைக் காட்டவில்லை. அப்போது அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம்: வாயைத் திறந்து கேட்டார்கள். "யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே?" தங்கள் நாட்டில் மற்றவர்கள் வந்து கேட்டால் விடை சொல்கிற ஆட்கள், அந்நியர் ஊரில் நின்று, எங்களுக்குத் தெரியவில்லை என்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் நிதானமாக அந்த இடத்தைப் பாருங்கள். ஏரோது கலங்குகிறான், அவனோடுகூட நகரமே கலங்குகிறது. பிரதான ஆசாரியரும், வேதத்தைக் கற்றுத்தேர்ந்த வேதபாரகரும் வரவழைக்கப்படுகிறார்கள். கிறிஸ்து எங்கே பிறப்பார்? விவாதம் நடந்ததாக ஒரு சொல்கூட இல்லை. பதில் தயாராக இருக்கிறது: யூதேயாவிலுள்ள பெத்லகேம், மீகா தீர்க்கதரிசி எழுதியிருக்கிறார். சுருளைப் பிரித்து, வரியில் விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குத் திட்டமான பதில். நூற்றுக்கு நூறு சரி.

எருசலேமிலிருந்து பெத்லகேம் தெற்கே ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். இரண்டு மணி நேர நடை. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

ஒருவர்கூடப் போனதாக எழுதியிருக்கவில்லை.

மேடையில் நின்று அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் ஏரோது யார் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தன் மனைவி மரியாம்னேயைக் கொன்றவன். அவள் பெற்ற இரண்டு மகன்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தவன். தான் சாவதற்கு ஐந்து நாள் முன்பு இன்னொரு மகன் அந்திப்பாத்தரையும் கொல்லவைத்தவன் என்று வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். இன்னொரு ராஜா பிறந்திருக்கிறாராம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்படிப்பட்டவன் எதிரில் யார் எழுந்து நிற்பார்கள்? பயந்திருப்பார்கள். ஆனால் பயம் மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. விடை தெரிந்தவனுக்குச் சில நேரம் கேள்வியே செத்துப்போய்விடுகிறது. இந்தப் பகுதியைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வேதபாரகர் உட்கார்ந்த பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் உண்டு. வசன எண் சொல்லத் தெரியும். எழுந்து நடந்தது எத்தனை தடவை என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

விளக்கடியில் இருட்டு என்று இதோடு முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறு. போகாதவர்கள் சொன்ன வழியைக் கேட்டுக்கொண்டு இவர்கள் போனார்களே, அது.

யோசித்துப் பாருங்கள். இவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன கேட்டிருப்பேன்? "ஐயா, பெத்லகேம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, நீங்கள் ஏன் வரவில்லை? உங்கள் வேதத்தை நீங்களே நம்பவில்லை என்றால் நாங்கள் எதற்கு நம்பவேண்டும்?" நியாயமான கேள்விதான். இன்றைக்குத் தேடிக்கொண்டு வருகிற எத்தனையோ பேர் இந்தக் கேள்வியோடு வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பக்தர்களைப் பார்த்தேன், பக்தியே வேண்டாம் என்று போய்விட்டேன் என்பார்கள். அவர்கள் பார்த்தது பொய் இல்லை. சாஸ்திரிகளும் அதைத்தான் பார்த்தார்கள். ஆனால் சொன்ன ஆளையும் சொன்ன சொல்லையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஆள் உட்கார்ந்திருக்கிறார், சொல் சரியாக இருக்கிறது. சொல்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். படித்தவர்கள் தேவையே இல்லை என்று சொல்கிறவர்களும் இங்கே கவனிக்கலாம்: அந்த வேதபாரகர் இல்லையென்றால், நட்சத்திரம் பார்த்தவர்கள் ஏரோதின் முற்றத்திலேயே நின்றிருப்பார்கள்.

இந்தக் கதையில் நாம் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. "நானும் வந்து அதைப் பணிந்துகொள்ளும்படி எனக்கு அறிவியுங்கள்" என்று ஏரோது கேட்கிறான். சாஸ்திரிகள் சொன்ன அதே 'பணிந்துகொள்ள' என்ற சொல். பக்தியின் சொல்லை அவனும் சரளமாகப் பேசுகிறான். நட்சத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதிரில் இருந்த முகத்தைப் படிக்கத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நட்சத்திரம் எப்போது தோன்றியது என்று அவன் விசாரித்தபோது அவர்கள் நல்ல மனதோடு சொன்ன காலக்கணக்கு பிறகு எதற்குப் பயன்பட்டது? பெத்லகேமிலும் அதன் எல்லைகளிலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளை அவன் கொல்லச் சொன்னபோது, சாஸ்திரிகளிடத்தில் விசாரித்த காலத்தின்படியே கொன்றான் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தத் தொடர்பை அவர் மறைக்கவில்லை. தன் பிள்ளைகளுக்காக ராகேல் அழுகிறாள் என்ற எரேமியா தீர்க்கதரிசியின் வரியை அதன் பக்கத்திலேயே வைக்கிறார். இதற்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நம் தேடலை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதற்கு விலை உண்டு. அந்த விலையை எப்போதும் நாமே கொடுப்பதில்லை, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை கொடுக்க நேரிடுகிறது. இதைச் சொல்லாமல் சாஸ்திரிகளைப் புகழ்ந்துவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

பெத்லகேமுக்குப் போவோம். அவர்கள் நுழைந்தது ஒரு வீடு. தொழுவம் லூக்கா சொல்கிற முன்னணைக் கதையிலிருந்து நாம் கொண்டுவந்தது. உள்ளே ஒரு பிள்ளை, அதன் தாய். தலையைச் சுற்றி ஒளிவட்டம் எதுவும் மத்தேயு எழுதவில்லை. அரண்மனையைப் பார்த்துவிட்டு, ஆசாரியர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியிருக்கலாம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மரியாளும் பேசியதாக எழுதவில்லை. சாஷ்டாங்கமாய் விழுந்தார்கள். பிறகு பொக்கிஷங்களைத் திறந்தார்கள். ஏரோதின் முன்னால் மூட்டையை அவிழ்த்ததாக ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பொன் எல்லோருக்கும் தெரியும். தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் மரத்துப் பிசின்கள். தென் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலும் வளர்கிற முள்ளும் முடிச்சுமான குட்டை மரங்கள். பட்டையைக் கத்தியால் சீவிவிடுவார்கள். காயத்திலிருந்து பால்போலக் கசிந்து, துளித்துளியாகத் திரண்டு, வெயிலில் இறுகும். பல நாள் கழித்து வந்து அந்தக் கட்டிகளைச் சுரண்டி எடுப்பார்கள். போளம் வாயில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு சுவிசேஷங்களில் பிறகும் வருகிறது: சிலுவையண்டையில் இயேசுவுக்குக் கொடுத்த திராட்சரசத்தில் போளம் கலந்திருந்தது, அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நிக்கொதேமு நூறு இராத்தல் அளவு போளமும் கரியபோளமும் கொண்டுவந்தது அடக்கத்துக்கு. பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போளம் கொண்டுபோனவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தங்களிடம் இருந்ததில் நல்லதைக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் ஒரு கனவு. ஏரோதினிடத்தில் திரும்பிப் போகவேண்டாம். "வேறு வழியாய்த் தங்கள் தேசத்துக்குத் திரும்பிப்போனார்கள்." அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஊரில் போய் என்ன சொன்னார்கள், மறுபடியும் இரவில் வானத்தைப் பார்த்தார்களா, பிள்ளை வளர்ந்து என்ன ஆனார் என்பது அவர்கள் காதுக்கு எட்டியதா, எதையும் மத்தேயு சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் யோசேப்புக்குக் கனவு. அவன் இரவிலேயே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறான். கிழக்கே போகிறவர்கள் ஒரு பாதையில், தெற்கே போகிறவர்கள் ஒரு பாதையில். அந்த வீடு இருட்டில் காலியாக நிற்கிறது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி எருசலேமில், மீகாவின் சுருளை யாரோ பத்திரமாகச் சுருட்டி எடுத்த இடத்திலேயே வைத்திருப்பார்கள்.